வேகன்ஆர் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்

மோகனூர் ரோடு, நாமக்கல்
14.6.2025, சனிக்கிழமை

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருக்கும் என் அன்புத் தம்பி தீனதயாளனுக்கு, உடன்பிறந்த அக்கா வசந்தாமணி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மச்சானும் பண்ணையில் உள்ள பதினோராயிரம் கோழிகளும் சாமி புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரி ஜீவாவும் சௌக்கியமா, உன் சர்க்கரை சொன்ன பேச்சுக் கேட்கிறதா என்று அறிய விருப்பம்.

போன திங்கட்கிழமை நீ போனில் பேசிய பேச்சுக்கு இது பதில். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ இன்னமும் பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் மாதிரியே கத்துகிறாய். நான் வாயைத் திறந்தால் "அது கெடக்கட்டும்க்கா" என்று நடுவில் புகுந்துவிடுகிறாய். கடுதாசியில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படி.

"ஏங்க்கா, அறுவது தாண்டுன வயசுல என்னத்துக்கு இந்த வீம்பு? கௌசிக் கேக்கறானல்ல, பேசாம சாவியக் குடுத்துப்போடு" என்றாய். கொடுக்க மாட்டேன். என் மகன் கேட்டாலும் சரி, நீ கேட்டாலும் சரி, கலெக்டரே வந்து கேட்டாலும் சரி, வேகன்ஆர் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். இதை எழுதும்போதும் அங்கேதான் குத்திக்கொண்டிருக்கிறது.

வீம்பு என்றாயே, அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா? நான் கல்யாணமாகி வந்த வருடம் உன் மச்சான் புதுசாக ஓர் இண்ட்-சுசுகி பைக் எடுத்தார். கடலை பொரிகிற மாதிரி ஒரு சத்தம், ஊரே வந்து பார்த்தது. அதில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டுக் கம்பியையும் ஒரு கையால் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் போனேன். அப்புறம் மாருதி 800 வந்தது. முன்சீட்டு மாமனாருக்கு. பின்சீட்டில் நான், என் மடியில் இட்லிக் குண்டான். அப்புறம் முட்டை கொண்டுபோக ஆம்னி. பின்சீட்டையே கழற்றிவிட்டு முட்டை அட்டைகளை அடுக்கினார்கள். அந்த அடுக்குகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்தார்கள், பிரேக் போடும்போதெல்லாம் அட்டையைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமாம். அப்புறம் அக்சஸ் ஸ்கூட்டர், அதில் மருமகள் தனப்பிரியாவுக்குப் பின்னால். கடைசியாக இந்த வேகன்ஆர், உன் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்காது என்று பார்த்து எடுத்தது. அதிலும் நான் பின்னால், இடது ஓரம். நாற்பது வருடத்தில் அந்த சுசுகி கம்பெனி ஜப்பான்காரன் எத்தனையோ மாடல் மாற்றிவிட்டான். என் சீட்டை மட்டும் ஒருத்தரும் மாற்றவில்லை.

நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, அந்தச் சித்திரை மாதம் வரைக்கும். இரண்டு வருடம் ஆகிறது. பகல் பதினொரு மணி. தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்த உன் மச்சான் "மணி, நெஞ்சப் புடிக்குது புள்ள" என்று அப்படியே சாய்ந்துவிட்டார். கௌசிக்கும் தனப்பிரியாவும் பெங்களூரில். டிரைவர் யார் வீட்டுக் கிடாவெட்டுக்கோ போய்விட்டான். வண்டி வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, அது இரண்டையும் சேர்க்க எனக்குத் தெரியவில்லை. ரோட்டுக்கு ஓடிப்போய், வந்த முட்டை லாரிக்குக் குறுக்கே நின்று மறித்து, அவரை அதில் ஏற்றி, தலையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். அவர் கண்ணைத் திறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி எப்படி இருக்கிறது என்பது இல்லை. "ஏனுங்க மாமா, கிளச்சுன்னா எதுங்க?" என்றேன்.

அடுத்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தது பிரபா என்று ஒரு பொண்ணு, தங்கமான பிள்ளை, என்னால் அவளுக்கு இரத்த அழுத்தம் வந்தது என்பதெல்லாம் ஊர் கட்டிய கதை. எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் தடவை ஆறு வந்தது. இரண்டாம் தடவை மார்கழிக் கோலம் மாதிரி ஏதோ வந்தது. மூன்றாம் தடவை எட்டே எட்டு. லைசென்சில் என் போட்டோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

இனி நீ சொன்ன 'ஆக்சிடென்ட்டு'கள். முதலில் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கு. சோளத்தட்டுப் போரில் மோதினேன் என்கிறார்கள். மோதினால் சத்தம் வர வேண்டுமா இல்லையா? சத்தமே இல்லை. வண்டி போருக்குள் போய் நின்றது, அவ்வளவுதான். கதவைத் திறக்க முடியாமல் நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது எங்கள் எருமை வந்து கதவுப் பக்கம் இருந்த தட்டையெல்லாம் தின்று எனக்கு வழி பண்ணிக் கொடுத்தது. அந்த எருமைக்கு இருந்த பொறுப்பு உன் மருமகன் கௌசிக்குக்கு இல்லை. அவன் பண்ணையாள் எடுத்த வீடியோவைப் பெங்களூரில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு உனக்கும் அனுப்பினான். அடுத்தது, பண்ணை வாசலில் டயர் நனையக் கட்டியிருக்கிற மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அதில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. இறங்கினேன், முழங்கால் வரை மருந்தில் நனைந்தேன். கோழிக்கு நோய் வராமல் இருக்கத்தானே தொட்டி? என் காலில் இருந்த கிருமியும் செத்தது. இதில் நஷ்டம் யாருக்கு?

திருச்செங்கோட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போனதைத்தான் கௌசிக் பெரிய குற்றமாகச் சொல்கிறான். நெஞ்சுவலி கண்டவருக்குக் குலுக்கல் ஆகாது என்று உன் மச்சானை வீட்டில் விட்டுவிட்டு, சோற்றை மூடி வைத்துவிட்டு, நான் மட்டும்தான் போனேன். இரண்டாவது கியருக்கு மேல் போடவில்லை. எதற்குப் போடணும்? முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினான்கு லாரி. முதல் லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்து, "ஏனுங்கம்மா, பொறத்தால மந்திரி யாராச்சும் வாராங்களா, பைலட்டு போறீங்களா?" என்றான். "அவசரமின்னா பறந்து போ சாமி" என்றேன். அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு ஆக்சிடென்ட்டும் நடக்கவில்லை. காரணம் யார்? நான். ஆக மொத்தம், லைசென்சு வாங்கிய நாளிலிருந்து இன்று வரை நான் எதையும் இடித்ததில்லை. இதைக் கல்லில் வெட்டி வைத்துக்கொள்.

போன மாதம் கௌசிக் வந்தான். வேகன்ஆரைக் கொடுத்துவிட்டு எர்டிகா எடுக்கலாம், சம்பளத்துக்கு நல்ல டிரைவராகப் போடலாம் என்றான். சேலத்தில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே காளிதாஸ் என்று ஒரு தம்பி, சட்டையில் கசங்கல் கிடையாது, ஒவ்வொரு வண்டியாகக் காட்டினான். ஆல்டோவின் பின்கதவைத் திறந்து "அம்மா, ஒக்காந்து பாருங்க" என்றான். உட்கார்ந்தேன். ஸ்விஃப்டின் பின்கதவைத் திறந்தான். உட்கார்ந்தேன். பலேனோ, பிரெஸ்ஸா, எல்லாவற்றிலும் பின்கதவு. எர்டிகாவில் மூன்று வரிசை இருக்கிறதே, நடுவரிசையாவது கிடைக்கும் என்று பார்த்தால் "பேரப் புள்ளைங்களோட கடேசில ஜம்முனு ஒக்காந்துக்கலாமுங்க" என்றான். ஜிம்னி என்று ஒன்று, மலையெல்லாம் ஏறுமாம். மலை ஏறுகிற வண்டியிலும் எனக்குப் பின்சீட்டுதான். கடைசியில் நானே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தத் தம்பி கௌசிக்கைப் பார்த்து, "சார், அம்மா தெரியாம முன்னால ஒக்காந்துட்டாங்க" என்றான். தெரியாமலா? ஹாரனை அடித்தேன் பார், ஷோரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மடியிலேயே ஊற்றிக்கொண்டார்.

இன்னொன்று கேள். இந்த சுசுகி கம்பெனியை ஆரம்பித்த மனுசன் முதலில் செய்தது காரும் இல்லை, பைக்கும் இல்லை. தறியாம்! ஆட்டையாம்பட்டிப் பக்கம் கடகடவென்று ஓடுகிறதே, அந்த மாதிரி நெசவுத்தறி. அதையும் முதன்முதலில் பெற்ற தாய்க்காகத்தான் செய்தாராம், தனப்பிரியா போனில் படித்துச் சொன்னாள். அவர் அம்மா கையில் ஒன்றைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். என் வயிற்றில் பிறந்தவன் அம்மா கையில் இருப்பதைப் பிடுங்கப் பார்க்கிறான். அந்த ஊரில் பிறந்திருந்தால் எனக்கு ஒரு தறியாவது மிஞ்சியிருக்கும்.

போன வாரம் அவன் மறுபடி வந்தபோது வீட்டில் பேச்சு முற்றியது. "சரி, குலசாமிகிட்டப் பூக் கேட்டுப் போடலாம்" என்றான் கௌசிக். நானும் ஒத்துக்கொண்டேன், கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்ட சாமி காருக்கும் சொல்லட்டும் என்று. வெள்ளை அரளி வந்தால் வேகன்ஆர் இருக்கும், நான் ஓட்டுவேன். சிவப்பு வந்தால் வண்டியை விற்றுவிட்டுச் சாவியை மறந்துவிட வேண்டும். கோயிலுக்குப் பின்னால் போய், வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று இரண்டு பொட்டலம் மடித்துக் கொண்டுவந்தது உன் மச்சான். பூசாரி பெரியசாமி இரண்டையும் சாமி காலடியில் உருட்டிவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

தம்பி, சாமியே சொல்லிவிட்டதே என்று இடுப்புச் சாவியில் கைகூட வைத்துவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, "அந்த இன்னொன்னையும் பிரியுங்க" என்றேன். "அப்படி வழக்கமில்லீங்க ஆத்தா" என்றார் பூசாரி. "அறுவது தாண்டுன பொம்பள கார் ஓட்டறதும் வழக்கமில்லதானுங்க" என்று நானே எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு! கௌசிக் அவன் அப்பாவைப் பார்த்தான். அவன் அப்பா கோபுரத்தைப் பார்த்தார். பூசாரி செருப்பைத் தேடினார்.

மடித்தது உன் மச்சான்தான். ஆனால் குழம்பில் உப்பு போதுமா என்பதற்கே நாலு பேர் வாயைப் பார்க்கிற மனுசன் அவர். சாமியை ஏமாற்ற அவருக்குத் தைரியம் ஏது? சொல்லிக்கொடுத்தவன் கௌசிக். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்கிறான். தெரியாதாமே! இன்றோடு ஒன்பது நாள் அவனோடு பேச்சு கிடையாது, போன் வந்தால் கோழிக் கொட்டகையில் வைத்துவிடுகிறேன், அதுகளோடு பேசட்டும். நீ தாய்மாமன். உடனே கிளம்பி வா. பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசி, அவன் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் என் வீட்டுக் கறிச்சோறு அவனுக்கும் இல்லை, அவனுக்குப் பரிந்து பேசும் உனக்கும் இல்லை.

ஜீவாவுக்கு என் ஆசி. உன் சர்க்கரை குறையட்டும், உன் குரலும் குறையட்டும், நீங்கள் இருவரும் பேரன் பேத்தி எடுத்து நூறு வயசு இருக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்ளும்,

உன் மூத்தவள்,
சி. வசந்தாமணி
(லைசென்சு உள்ளவள்)

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை. இதைத் தபாலில் போடவில்லை. நேற்றுச் சாயங்காலம் உறையில் போட்டு ஒட்டப் போகையில் உன் மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கௌசிக்க வையாத புள்ள. அவனுக்கு ஒன்னுந் தெரியாது. ரெண்டுலயும் செவப்ப வெச்சது நாந்தான்" என்றார். உறையைக் கீழே வைத்தேன். "ஏனுங்க மாமா, நா ஓட்டறது உங்களுக்கு அவ்வளவு பயமாங்க?" என்றேன். "பயமெல்லாம் இல்ல. சாவி கைக்கு வந்ததுல இருந்து நீ சந்தைக்குப் போற, கோயலுக்குப் போற, கண்ணாலத்துக்குப் போற. எனக்கு ஊட்ல சோறு மூடியிருக்குது. ஒரு நாளாச்சும் 'மாமா, வாங்க போலாம்'னு கூப்பிட்டியா?" என்றார்.

பின்சீட்டு, பின்சீட்டு என்று உனக்கு இத்தனை பக்கம் எழுதினேனே தம்பி. அவருக்காகத்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், என் வண்டியில் அவருக்கு அந்தப் பின்சீட்டைக்கூட நான் கொடுக்கவில்லை. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்று காலை அவரை முன்சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி வழியாக மேட்டூருக்கு நானே ஓட்டி வந்துவிட்டேன். வழி நெடுக "பிரேக்கு, பிரேக்கு" என்று இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது கியர் போட்டபோது கை தட்டினார். நீயும் ஜீவாவும் வீட்டில் இல்லை, ஏதோ வளைகாப்புக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாங்கள் அணைக்கட்டில் மீன் வறுவல் தின்னப் போகிறோம், வந்து சேருங்கள். பஞ்சாயத்து வேண்டாம். கௌசிக்கிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், கறிச்சோறு போட்டால் அவனே புரிந்துகொள்வான்.

இந்தக் கடிதத்தை உன் கேட்டில் செருகி வைக்கிறேன். கேட்டின் இடது தூண் நான் ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்பே சாய்ந்துதான் இருந்தது. சந்தேகம் இருந்தால் உன் மச்சானைக் கேள். முன்சீட்டில் இருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.