கொலரை விலக்கிப் போட்ட ஊசி

எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை முடித்தவன். அதிலும் தமிழுக்குச் சாதாரண சித்திதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத ஆள், இப்படிப் பேனையைத் தூக்கிக்கொண்டு வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் என் மனைவியின் தம்பி ரூபன், என் தோள்மூட்டுக் கதையை லண்டனில் நாங்கள் இருக்கிற ரெய்னர்ஸ் லேனில் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒவ்வொரு கடையிலும் கதை கொஞ்சம் வளருகிறது. அதனால் நடந்த அளவை நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்குவது என் வேலை. குளிர்காலம் தொடங்கமுதல் காய்ச்சல் தடுப்பு ஊசி போடச் சொல்லி போனுக்குச் செய்தி வந்தது. பக்கத்துப் பாமசிக்குப் போனேன். ஒரு மேசையும் இரண்டு கதிரையும் வைத்தால் நிறைந்துவிடும் அறை. ஊசி போட இருந்தது ஒரு இளம் பிள்ளை. மிக மரியாதையாக, "கையைச் சேட்டுக்குள் இருந்து வெளியே எடுக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"நோ நீட், நோ நீட்," என்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சேட்டுக்குள் நான் போட்டிருந்தது பதினொரு வருசப் பெனியன். இடது கையோரத்தில் ஒரு ஓட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. இரண்டும் சேர்ந்து ஒரு ஜன்னலாகும் நாளைப் பார்த்துக்கொண்டு இருந்தன. புதுப் பெனியன் இல்லாமல் இல்லை. என் மனைவி சுகந்தி வாங்கித் தந்த பெட்டி அலுமாரியில் பிரிக்காமலே கிடந்தது. புதுசை நல்ல நாளுக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். (அந்த நல்ல நாள் எது என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது.) பழையதைச் சுகந்தி தானத்துக்குக் கொடுக்கும் பைக்குள் போட்டிருந்தா. நான் அவவுக்குத் தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டேன். துணி நன்றாக மெதுவாகி, உடம்போடு பழகியிருந்தது.

கோயிலில் ஐந்நூறு பேருக்கு முன்னால் வெறும் மேலோடு நிற்பவன்தான் நான். அதில் எனக்கு வெட்கமில்லை. வெறும் மேல் கடவுள் தந்தது. ஓட்டை நான் வளர்த்தது.

அந்தப் பிள்ளை இரண்டாவது தடவையும் கேட்டது. நான் சேட்டின் மேல் இரண்டு பொத்தான்களையும் கழற்றி, கொலரை இடது பக்கமாக இழுத்து, தோளின் உச்சியை மட்டும் காட்டிக்கொண்டு சிரித்தேன். வெளியே வரிசை நின்றது. பிள்ளையும் பாவம், தெரிந்த இடத்தில் குத்தியது.

ஊசி போட்ட கை நோகத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு கிழமை பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். தைப்பொங்கல் வரும்போது இடது கை தோளுக்கு மேலே ஏறமாட்டேன் என்றுவிட்டது. சீப்பால் தலை இழுக்கலாம், ஒரு கையால். சேட்டுப் போட ஆள் வேண்டும். எங்கள் டொக்டர் பார்த்துவிட்டு, மருந்தில் பிழையில்லை, ஊசி சதையில் இறங்காமல் மேலே மூட்டோடு போயிருக்கிறது, மூட்டு இறுகிவிட்டது என்றார். தேறும், ஆனால் பாரம் தூக்காமல் பயிற்சி செய்ய வேண்டும்.

என் வேலை பாரம் தூக்குவது. அதுவும் மேல்தட்டில், கோன்ஃபிளேக்ஸ் பெட்டிகள். நஷ்டஈடு என்று ஏதாவது கிடைத்தால் இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் நின்று கையைத் தேற்றலாம். கிடைக்காவிட்டால் அதே கையோடு அதே தட்டு. இதுதான் நிலைமை.

இந்த இடத்தில்தான் ரூபன் வந்து சேர்ந்தார். சில வருசத்துக்கு முன் இவருடைய காரைப் பின்னாலிருந்து யாரோ மெல்லத் தட்ட, கழுத்து நோவுக்கு நஷ்டஈடு வாங்கியவர். அன்றிலிருந்து அவருக்கு இங்கிலாந்தின் சட்டம் முழுவதும் தெரியும். அவரே ஒரு லோயர் அம்மாவைப் பிடித்துத் தந்தார். அந்த அம்மா போனில் எல்லாம் கேட்டுவிட்டு, வழக்கின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது என்றா. சேட்டைக் கழற்றாமல் கொலரை விலக்கியது யாருடைய யோசனை? ஊசி போட்டவருடையதா, என்னுடையதா? முதலில் ஒரு மருத்துவ நிபுணர் என்னைப் பார்த்து அறிக்கை எழுதுவார், மிச்சம் பிறகு என்று சொல்லி வைத்துவிட்டா.

"அத்தான், ஏன் சேட்டைக் கழட்டேல்லை?" என்று ரூபன் கேட்டார்.

சுகந்தி பக்கத்தில் நின்றா. "குளிர்," என்றேன்.

"குளிரெண்டு சொல்லாதேங்கோ. அவதான் கொலரை இழுக்கச் சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

"அவ சொல்லேல்லையே."

"உங்களுக்குக் கை சுகமாகோணுமோ, வேண்டாமோ?"

"அந்தப் பிள்ளையின்ரை வேலைக்கு ஏதும் வராதோ?"

"உங்கடை வேலையைப் பாருங்கோ அத்தான். மற்றதை இன்சூரன்ஸ் பாக்கும்."

நிபுணரின் அறை குரோய்டனில். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்காக என்னைக் கேள்வி கேட்ட ஊர். அன்றைக்கு உண்மையைச் சொல்லவே தடுமாறியவன். இந்தமுறை பொய்யோடு போகிறேன்.

ரயிலில் ரூபன் பாடம் சொல்லித் தந்தார். "ஷீ டோல்ட் மீ, ஜஸ்ட் புல் டவுன் த கொலர்." "எங்கே, சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். "புல் எண்டிறதை அழுத்திச் சொல்லுங்கோ. பிறகு கொஞ்சம் நிப்பாட்டித் தோளைப் பாருங்கோ." அழுத்தினேன், நிப்பாட்டினேன், பார்த்தேன். ரயில் மாறி ஏறியபோதும் சொன்னேன். முன்னால் இருந்த வெள்ளைக்கார அம்மா என்னை ஒருமுறையும் என் கொலரை ஒருமுறையும் பார்த்துவிட்டு வேறு சீற்றுக்குப் போனா. குரோய்டனில் இறங்கும்போது அந்த ஒரு வசனத்தில் நான் வெள்ளைக்காரனைப்போலவே இருந்தேன்.

ரூபன் வெளியில் இருக்க, சேட்டுக் கழற்றித் தர வேண்டும் என்று சுகந்தி என்னோடு உள்ளே வந்தா. அன்றைக்குப் புதுப் பெட்டியை அவவே பிரித்திருந்தா. மடிப்புக் கோடு கலையாத பெனியனோடு நான் நெஞ்சை நிமிர்த்தி இருந்தேன். நிபுணர் கையை முன்னுக்குத் தூக்கச் சொன்னார், பக்கமாகத் தூக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். எங்கே நிற்கிறதோ அங்கே அளந்தார். எல்லாம் ஆங்கிலத்தில். நானும் "யெஸ்", "பெயின்" என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு பேனையை எடுத்தார். என் பெயரை இன்னொரு முறை பார்த்தார்.

"தமிழா நீங்க?"

"ஓம்."

"நான் மதுரைப் பக்கம். உங்களுக்கு வசதின்னா தமிழ்லயே சொல்லுங்க சார். ரிப்போர்ட்டை நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன். அன்னைக்கு ஊசி போடுறப்போ என்ன நடந்துச்சு?"

எனக்குப் பொய் ஆங்கிலத்தில் மட்டும்தான் தெரியும். தமிழில் ஒரு சொல்லும் படித்து வரவில்லை. வாயைத் திறந்தேன். டொக்டர் காத்திருந்தார். ஆங்கில வசனத்தையே சொல்லிவிடலாம் என்றால், தமிழில் கேட்ட மனுசனுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வது மரியாதையில்லை என்று எங்கிருந்தோ ஒரு எண்ணம்.

"டொக்டர், அந்தப் பிள்ளை கழட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்டது," என்றேன். "நான்தான் மாட்டனெண்டனான்."

"ஏன் சார்?"

"பெனியன் ஓட்டை."

சுகந்தியின் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பாமலே அவ என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"எந்தப் பெனியன்?" என்றா.

"நீலத் தையல் போட்டது."

"அதை நான் பைக்குள்ளை எல்லோ போட்டனான்."

"ஓம். நான் எடுத்தனான்."

டொக்டர் எழுதிக்கொண்டே, "ஓட்டை ரொம்பப் பெருசா சார்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கமுதல் சுகந்தி, "அதுக்குள்ளாலை தலையே போகும் டொக்டர்," என்றா. பிறகு, எனக்காக இரங்கினாவோ என்னவோ, "கை பொய்யில்லை டொக்டர். இரவிலை திரும்பிப் படுக்க ஏலாமல் முனகிறவர்," என்றும் சொன்னா. டொக்டர் பேனையை வைத்துவிட்டு, கை பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அம்மா, அளவு எல்லாம் அதில் இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அதோடு தோள் அரைவாசி இறங்கியதுபோல இருந்தது. மற்ற அரைவாசி வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆகுமோ என்று ஏறியே நின்றது.

வெளியில் ரூபன் எழும்பி நின்றார். "எப்பிடி? சொன்னீங்களோ?"

சுகந்திதான் பதில் சொன்னா. முழுவதையும். ரூபன் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார். பிளாட்போமில் நின்று, "தமிழிலையும் ஒருக்காச் சொல்லிப் பாத்திருக்கலாம்," என்றார். அது என்னைக் குற்றம் சொன்னதா, தன்னைத்தானே சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது.

சில கிழமைக்குப் பிறகு அறிக்கையின் பிரதி வந்தது. ரூபன்தான் தமிழாக்கி வாசித்தார். தோளைப் பற்றி எழுதிய பக்கங்கள் எல்லாம் எனக்குச் சார்பாகவே இருந்தன. அதற்குப் பிறகு ஒரு வசனம்: "விண்ணப்பதாரர், தமது உள்ளாடையின் நிலை காரணமாக, மேலாடையைக் கழற்ற இரு தடவை மறுத்துள்ளார்." லோயர் அம்மா போன் எடுத்து, பிடிவாதமாக நின்று கழற்றச் செய்வது ஊசி போடுபவரின் கடமைதான், ஆனாலும் இந்த வசனத்தை வைத்துக்கொண்டு வெல்வது கடினம், தங்களால் தொடர முடியாது என்றா. வைக்கமுதல் கொஞ்சம் தயங்கி, அந்த உள்ளாடை இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டா. ஆதாரத்துக்காகக் கேட்டாவோ, சும்மா அறியக் கேட்டாவோ தெரியாது. இல்லை என்றேன். குரோய்டனிலிருந்து வந்த அன்றே சுகந்தி அதை நாலாகக் கிழித்து அடுப்புத் துடைக்க வைத்துவிட்டா.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எந்த டொக்டரிடம் போனாலும், பல்லுக்கு என்றாலும், கண்ணுக்கு என்றாலும், வாசலில் நின்று ரூபன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "உள்ளாடையின் நிலை எப்பிடி?" போன மாதம் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் எனக்குக் கை தந்துவிட்டு அதையே கேட்டார்.

ஊசி நான் ஒவ்வொரு வருசமும் போடுகிறேன். கை தேறிவிட்டதால், பாமசிக் கதிரையில் இருக்கமுதலே நானே சேட்டைக் கழற்றிவிடுகிறேன். போன முறை அந்தப் பிள்ளை, இவ்வளவு தேவையில்லை, கை மட்டும் போதும் என்று சொன்னது.

வழக்கை விடுகிறோம் என்ற லோயரின் கடைசிக் கடிதம், அந்தப் போனுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன். மனேஜரிடம் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். அங்கே நாய்ச் சாப்பாடு அடுக்கினேன்.