மூன்றும் ஐந்தும் இடம் மாறிய அரசிதழ்

சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்பதை உலகம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அரசு அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநருக்கு நேர்ந்ததைக் கேட்டால் போதும். வேறு பாடப்புத்தகம் வேண்டாம்.

அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசிதழில் ஒற்றுப்பிழை பொறுக்கியவர். ஒரு 'க்' விட்டுப்போனால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வீடு, அனல்மின் நிலையத்துக்குப் பின்தெருவில். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் சாம்பல் நிறச் சட்டையாக எடுக்கலாம். மகளுக்கு இளைப்பு. அவள் பள்ளிப்பையில் புத்தகத்துக்கு முன்னால் ஏறுவது மூச்சுக்கான மருந்துக்குப்பி.

பருவநிலை மாநாட்டில் அரசு உலகத்துக்குக் கொடுத்த வாக்கு ஒருவழியாகச் சட்டமாகி, '2035-க்குள் அனல்மின் நிலையங்கள் அனைத்தும் மூடப்படும்' என்று அவர் மேசைக்கு வந்தது. மகளுக்கு அப்போது பத்தொன்பது வயதாகும் என்று கணக்குப் போட்டார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மெய்ப்புப் பார்த்ததுதான் வினை. அச்சாகி வந்த அரசிதழைப் பிரித்தார். 2053.

மூன்றும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. மகளுக்கு முப்பத்தேழு.

கண்காணிப்பாளரிடம் ஓடினார். "சார், தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான். ஒரு திருத்தம் போட்டுடலாம்."

"அரசிதழ்ல வந்துட்டா அது சட்டம். அதுல நான் கை வைக்க முடியுமா? துறைச் செயலாளரைப் பாருங்க."

செயலாளர் அவரை உட்காரச் சொன்னார். தேநீர்கூட வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் தேநீர்.

"பதினெட்டு வருஷம்" என்று செயலாளர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "இதைத் தள்ளிப்போட நாங்க மூணு குழு போட்டோம். ஒண்ணும் நடக்கல. நீங்க தனி ஆளா முடிச்சிட்டீங்க."

"திருத்தணும் சார்."

"சட்டத்தைத் திருத்துற அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். நான் நிர்வாகம். இன்னிக்கு நான் ஒரு எண்ணை மாத்தினா நாளைக்கு அது சர்வாதிகாரம். உங்க பொண்ணு சர்வாதிகாரத்துலயா வளரணும்?"

"அவ மூச்சு விட்டு வளர்ந்தா போதும் சார்."

அரசமைப்பின் அருமை தெரியாத பதில் அது. செயலாளர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

நாடாளுமன்றச் செயலகத்தில் ஓர் அதிகாரி தெளிவாக விளக்கினார். "நாங்க 2035-ன்னுதான் நிறைவேத்தினோம். எங்ககிட்ட பிழை இல்ல. இல்லாத பிழையை எப்படித் திருத்துறது? அச்சகம் நிர்வாகத்தைச் சேர்ந்தது. அங்கதான் போகணும்."

"அங்கிருந்துதான் சார் வரேன்."

"அப்ப வழி தெரியும். சௌகரியம்."

வேறு வழியில்லாமல் நீதிமன்றம் போனார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். உலக நாடுகளுக்குக் கொடுத்த வாக்கு அரசின் 'கொள்கை முடிவு', அதில் நீதிமன்றம் தலையிடாது என்றார். ஆனாலும் மூலப்படியை ஒப்பிட்டு அறிக்கை தரும்படி உத்தரவிட்டார். மெய்ப்புத் திருத்துநர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

ஒப்பிடும் நாளில் அவரையும் கூப்பிட்டார்கள். மூலப்படியின் கட்டு அவிழ்ந்தது. பக்கங்கள் எல்லாம் விரல்பட்டு மங்கி, ஓரம் மடங்கிக் கிடந்தன. ஏழாம் பக்கம் மட்டும் சலவைக்குப் போய்வந்தது போலப் பளீரென்று இருந்தது. அதில் 2053. 2035 என்று சொன்ன நாடாளுமன்றச் செயலக அதிகாரி, தமக்கு 'நினைவு பிசகியதாக' எழுதியே கொடுத்திருந்தார்.

"பாருங்க, மூலத்துல என்ன இருக்கோ அதைத்தான் நீங்க அச்சடிச்சிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்ல" என்று செயலாளர் அவரைத் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த மாநாட்டில் அமைச்சர், "கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவோம்" என்று முழங்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வாரமே அனல்மின் நிலையத்தில் இரண்டாவது புகைபோக்கிக்குப் பள்ளம் தோண்டினார்கள்.

மெய்ப்புத் திருத்துநருக்கு ஓர் உறை வந்தது. பிழையற்ற அரசிதழில் பிழை இருப்பதாகக் கூறி நாட்டின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

மனைவி கொடியிலிருந்து துணியை எடுத்து உதறியபடியே சொன்னாள். "மன்னிப்பு எழுதிக் கொடுத்துடுங்க. உங்களுக்கு வேலை போச்சுன்னா அவளுக்கு மருந்துக்கு எங்க போறது?"

"மன்னிப்புத்தான் எழுதப்போறேன்" என்றார்.

உள்ளே மகள் இருமினாள். இருமல் அடங்கும்வரை பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதி, ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று மூன்று முறை படித்து, உறையில் போட்டு ஒட்டினார்.

'ஐயா, மன்னிக்கவும். பிழை அந்த எண்ணில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.'