பவளத்துக்குக் கிடைத்த இடமாறுதல்

அரசாணை வந்துவிட்ட பிறகு கடல் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது மரியாதை அல்ல. ஆழ்கடல் பவளங்களைக் காக்க எல்லாக் கிளைகளிலும் தனிப்பிரிவு தொடங்கும்படி ஒரு துறை உத்தரவிட்டது. துறையின் பெயர் எதற்கு? ஓசூர் கிளையிலும் ஒரு பிரிவு உதயமானது.

உதவியாளர் சுடலைமுத்துவின் தலையில் பொறுப்பு விழுந்தது. அவன் தெற்கத்திக் கடலோரத்துக்காரன்; ஆகவே நிபுணன். அவனுக்கு வேண்டியதோ ஊருக்கு ஓர் இடமாறுதல். மனைவி ராசாத்தி கைக்குழந்தையோடு அங்கே. இவன் இங்கே சிப்காட் லாரிப் புகையில் ஒற்றை அறையில். எப்போதாவது ஊருக்குப் போனால் பிள்ளை யாரோ என்று பயந்து வீறிடுகிறது.

சுற்றறிக்கையை அவன் முழுசாகப் படித்துத் தொலைத்தான். வெயில் எட்டாத ஆழத்தில் கருப்பாக, மரம் போலக் கிளைவிட்டு வாழுமாம். வருஷத்துக்கு ஒரு மயிரிழை கூட வளராதாம். நாலாயிரம் வயதானவை இன்னும் உயிரோடு நிற்கின்றனவாம். அடியை வழித்து இழுக்கும் மடிவலை ஒரு தடவை போனால் பவளமும் போச்சு, அதற்குள் குஞ்சு பொரிக்கும் மீனும் போச்சு. அதனால் பவளம் உள்ள இடத்தில் அந்த வலைக்குத் தடை. படித்ததும் அவனுக்கு மனசு கனத்தது. 'ஓசூரில் கடல் இல்லை' என்று எழுதி அனுப்பினான்.

போன வேகத்தில் திரும்பி வந்தது. கிளை மேலாளர் மாதேஷ் கூப்பிட்டார்.

"என்னங்க இது? கடல் இருக்குதான்னா கேட்டாங்க?"

"இல்லைங்க சார், பவளம் சேதமான்னுதான்."

"கேட்டதுக்கு மட்டும் எழுதுங்க. சேதம் ஆச்சா?"

"இல்லாதது எப்படி சார் சேதமாகும்?"

"ஆகலைதானே? அதைத்தான் எழுதணும். களஆய்வு பண்ணிட்டு எழுதுங்க."

ஜீப் அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் போனது. மாடு ஓட்டி வந்த வெங்கடம்மாளை மாதேஷ் நிறுத்தினார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் பவளம் ஏதாச்சும் உடைஞ்சுதா?"

"எம் பொண்ணு கல்யாணத்துக்கே பவளம் வாங்கல சாமி, உடையறதுக்கு எங்க போறது? இன்னொரு பஸ்சு உடச் சொல்லுங்க."

"அது வேற துறைம்மா."

அறிக்கை போனது: 'சேதம் அறவே இல்லை. பொதுமக்கள் ஒத்துழைப்பு மெச்சத்தக்கது.' கடலோரக் கிளைகள் நடந்ததை எழுதி மெமோ வாங்கின. ஓசூருக்கு முதல் பரிசு.

பரிசளிப்பு விழாவில் சால்வை வாங்கிய கையோடு சுடலைமுத்து மாறுதல் மனுவை நீட்டினான். இயக்குநர் ராஜலட்சுமி உருகிப்போனார்.

"நீங்க போயிட்டா பவளத்தை யாரு பாத்துக்குவாங்க?"

"பவளமே அங்கதான் மேடம் இருக்கு."

அம்மையார் யோசித்தார். அதிகாரி யோசிக்கும்போதே அவன் ஓடியிருக்க வேண்டும்.

"அங்க இருந்தா சேதமாகுது. இங்க சேதமே இல்லை. அப்ப யாரை மாத்தணும்?"

அந்த வாரமே ஆணை வந்தது: 'ஆழ்கடல் பவளங்கள் அனைத்தும் நிர்வாக நலன் கருதி ஓசூர் கிளைக்கு மாற்றப்படுகின்றன. திரு. சுடலைமுத்து அவற்றின் நிரந்தரக் காப்பாளராகத் தொடர்வார்.' நாலாயிரம் வருஷம் ஒரே பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தவை எந்தச் சிபாரிசும் இல்லாமல் இடம் மாறின.

சில நாள் கழித்து ராசாத்தி போனில் கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஏங்க, சேதி தெரியுமா? இங்க பவளமே இல்லைன்னு தடையை எடுத்துட்டாவ. எங்க அண்ணன் போட்டுல வலை கொள்ளாத மீனு! கூடவே மரக்கொப்பு மாதிரி கருப்பா என்னமோ குவியலா வந்துச்சாம். அம்புட்டையும் தூரப் போட்டுட்டாவ. ஒண்ணை மட்டும் பிள்ளைக்கு விளையாட எடுத்து வச்சிருக்கேன். அதைக் கையில குடுத்தா அழுகையே இல்லைங்க."

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். நல்லது என்று மட்டும் சொல்லி வைத்தான்.

மாதேஷ் எட்டிப் பார்த்தார். "இந்த மாச அறிக்கை ரெடிங்களா? சேதம் காட்டாத ஆளுங்க மனுவைத்தான் அடுத்த வருஷம் மாறுதலுக்கு எடுப்பாங்களாம்."

சுடலைமுத்து பேனாவை எடுத்தான். பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு, 'சேதம் அறவே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.