சரிபார்க்காமல் பெற்றுக்கொண்ட கார்

திருப்பூர்,
சனிக்கிழமை காலை.

காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்தி, எண்ணெயைவிட அதிகமாக நியாயத்தைப் பிழிந்து ஊருக்கு வழங்கிவரும் மதிப்புக்குரிய மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, தங்கச்சி மாப்பிள்ளை ஆத்தப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சுகமென்றும், மில்லில் கொப்பரைக்குக் குறைவில்லை என்றும் நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கச்சி பொன்னாத்தாள் நலம். நானும் நலம்தான், எந்த அளவுக்கு என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் முக்கியமான இடத்தில் உங்களுக்கு டவர் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால், போன தடவை மாதிரி, கை தவறி கோயில் குரூப்பில் போட்டுவிடுவேன். அதனால் நீங்கள் கேட்ட பனியன் பார்சலுக்குள் இதையும் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். உறையை நானே ஒட்டுகிறேன். பொன்னாத்தாளிடம் ஒட்டக் கொடுத்தால் அவள் படிக்காமல் ஒட்டியதாகச் சரித்திரமே இல்லை. இதில் அவளுக்கு இப்போதைக்குத் தெரியக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. சொல்ல மறந்தேன், புதன்கிழமை நீங்கள் திருப்பூர் வந்துவிட்டு நம்ம ஊட்டுக்கு வராமலே திரும்பிப் போனதில் அவளுக்கு ரொம்ப வருத்தம். உங்களுக்காகச் சுட்ட வெல்லக் கச்சாயத்தை மூன்று நாளாக நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இருபத்தாறு வருஷமாக மொபெட்டில் பனியன் மூட்டைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து, நானே ஒரு மூட்டை மாதிரி ஆகிவிட்டேன் என்று பொன்னாத்தாள் சொல்ல ஆரம்பித்த பிறகு, கார் வாங்குவது என்று முடிவாயிற்று. எந்தக் கார் என்று உங்களைத்தான் கேட்டேன். நீங்களும் ஒரு மாடலைச் சொன்னீர்கள். வியாழக்கிழமை காலை பல்லடம் ரோட்டில் இருக்கிற ஷோரூமுக்குப் போனேன். அங்கே நிதா என்று ஒரு பெண், விற்பனைப் பிரிவு, நல்ல சுறுசுறுப்பு. "ஓட்டிப் பாருங்க சார், ஓட்டினா விட மாட்டீங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். நான் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், அதற்கு மேலே வழக்கம்போல ஒரு வரியும் எழுதினேன்: 'சரிபார்க்காமல் பெற்றுக்கொள்ளப்பட்டது.'

"இதென்னங்க சார்?" என்றாள்.

"பழக்கம் கண்ணு" என்றேன்.

உங்களுக்கே தெரியும், நம்முடையது செக்கிங், அயர்னிங் யூனிட். தைத்த பனியன் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். வண்டிக்காரருக்கு அவசரம், உடனே கையெழுத்து வேண்டும். அந்த வரியை எழுதாமல் கையெழுத்துப் போட்டால், யாரோ போட்ட ஓட்டைக்கெல்லாம் நான்தான் தகப்பன். எழுதிவிட்டால், ஓட்டை வந்த வழியே பின்னால் போகும்: நான் தையல்காரரைக் கை காட்டுவேன், அவர் சாயப்பட்டறையைக் காட்டுவார், சாயப்பட்டறை நிட்டிங்கைக் காட்டும், நிட்டிங்காரர் நூல்மில்லைக் காட்டுவார், நூல்மில்காரர் வானத்தைப் பார்ப்பார். இந்த ஒரு வரியால்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன். கல்யாணப் பத்திரிகை வாங்கிக்கொண்டதற்குக்கூட ஒருமுறை எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. கடைசியாக ஓட்டியது பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பழைய வேன். இருந்தாலும் வண்டி நின்று நின்று, நிதா "கிளட்ச் சார், கிளட்ச் சார்" என்று ஓதிக்கொண்டே வர, எப்படியோ ரோட்டுக்கு வந்துவிட்டோம். வந்ததும் எனக்கு ஒரு ஆசை, ஊட்டில் காட்டிவிட்டு வரலாமே என்று. "ரூட்ல அது இல்லீங்க சார், பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பணும்" என்றாள். "ஊட்டுக்காரம்மா பார்க்காம நான் ஒரு துண்டுகூட எடுக்க மாட்டேன் கண்ணு, அஞ்சே நிமிஷம்" என்றேன். மாதக் கடைசி, அவள் இன்னும் ஒரு வண்டி விற்றாக வேண்டும். பாவம், சரியென்றுவிட்டாள். நான் பொன்னாத்தாளுக்குப் போன் போட்டு, "கார் வருது" என்று இரண்டே வார்த்தை சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் டெஸ்ட் டிரைவ் என்று ஒன்றைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

போய்ப் பார்த்தால் வாசலில் தேர் வரப்போகிற மாதிரி கூட்டம். கற்பூரம், சாமந்தி மாலை, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றின பூசணிக்காய். நான் இறங்குவதற்குள் மாலை ஏறிவிட்டது, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் போய்விட்டது.

"ஆன்ட்டி, ஆன்ட்டி, இது ஓட்டிப் பார்க்கற வண்டிங்க! இன்னும் வாங்கலீங்க!" என்று நிதா கத்தினாள்.

"எந்த வண்டியா இருந்தா என்ன கண்ணு, பதினொன்னரையோட நல்ல நேரம் முடியுது. ஏனுங்க, நீங்க ஏன் மசமசன்னு உக்காந்திருக்கறீங்க? எடுங்க முன்னால!" என்றாள் பொன்னாத்தாள்.

எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதோடு நின்றிருக்க வேண்டும். சுற்றிக் காட்டி உடைப்பதற்காகப் பூசணிக்காயை இடது பக்கம் கேட் தூண் ஓரமாக வைத்திருந்தாளாம், எனக்குத் தெரியாது. 'டமார்' என்று ஒரு சத்தம். சக்கரத்தடியிலிருந்து சிவப்பாக ஓடுகிறது. எதிர் வீட்டு அம்மாள், "ஐயோ, யாரையோ ஏத்திட்டாரு!" என்று கூவிவிட்டாள். எனக்கு உயிர் இல்லை மச்சான். இறங்கிப் பார்த்தால் பூசணிக்காய். அப்பாடா என்று நிமிர்ந்தால், இடது பக்கப் பின்கதவில் ஒரு சாண் அகலத்துக்கு ஒடுக்கு, அங்கிருந்து பின்பக்கம் வரைக்கும் நீளக் கீறல். பக்கத்திலேயே தூண், அதில் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்திருக்கிறது. அந்தப் பூச்சைப் பெயர்த்தது போன தீபாவளிக்கு என் மொபெட் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. அத்தனை பேர் நடுவில், "நான்தான் இடிச்சுட்டேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். பொன்னாத்தாள் என்னைத் திட்டவில்லை, தூணைத் திட்டினாள். சகுனம் சரியில்லை, இடிக்கோணும் என்று அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

திரும்பி வரும்போது வண்டியை நிதாவே ஓட்டினாள். பாதி வழியில், "ரூட் மாறிப் போனது என் தப்புங்க சார். நீங்க குடுக்கலைன்னா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. இப்பத்தான் தம்பியைக் காலேஜ்ல சேர்த்தோம்" என்றாள்.

ஷோரூம் மேனேஜர் ஜெயபாண்டி தெற்கத்திக்காரர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு ஒடுக்கு பெரிதாகப் படவில்லை, மாலைதான் பட்டது. "அண்ணாச்சி, மாலை போட்டாச்சு, சூடம் காட்டியாச்சு, எலுமிச்சம்பழமும் ஏத்தியாச்சு. இனி இந்த வண்டிய நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவங்களுக்கு ஓட்டக் குடுக்க?" என்றார். பிறகு தாளை எடுத்தார். "சேதம் வந்தா ஓட்டினவுகதான் பொறுப்புன்னு போட்டிருக்கு, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீக. சரி. அதுக்கு மேல இது என்ன எழுதி வச்சிருக்கீக?" என்று கேட்டார். விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. இன்சூரன்ஸ்காரருக்குப் போன் போட்டார். அவர், கம்பெனி வண்டிதானே, பாலிசியில் வரும் என்றார். ரூட் மாறிப் போயிருக்கிறது என்றதும் வராது என்றார். கூடக் கம்பெனி ஆள் இருந்தாரா என்றார், இருந்தார் என்றதும் வரலாம் என்றார். பூஜை போட்ட கதையைக் கேட்டதும், அப்படியானால் வண்டி இப்போது யாருடையது என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். அரை மணி நேரம் பேசி முடித்தபோது எனக்கு நான் யார் என்பதே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. "எங்க தொழில்ல சேம்பிள் அனுப்பினா, வெளிநாட்டுக்காரன் இழுத்துப் பார்ப்பான், துவைச்சுப் பார்ப்பான், கத்தரியே போட்டுப் பார்ப்பான். நாங்க காசு கேக்கறோமுங்களா? உங்க வண்டியும் சேம்பிள்தானுங்களே?" என்றேன். "அப்ப வெளிநாட்டுக்காரன் உங்க சேம்பிளைப் போட்டுக்கிட்டுப் பூசணிக்காய் மேல விழுந்தானா அண்ணாச்சி?" என்றார்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். ஞாபகம் இருக்கும். நான் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் "எந்தப் பக்கமுங்க மாப்பிள்ளை, இடதா வலதா?" என்று கேட்டீர்கள். இடது பக்கக் கதவு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, டவர் போய்விட்டதென்று நினைத்தேன். அப்புறம் கணீரென்று சொன்னீர்கள்: "இதுல என்னுங்க கொழப்பம்? ஓட்டுனது எவனோ, அவன்தான் குடுக்கோணும். ஒரு பொண்ணு சம்பளத்துல கை வெக்கறது பாவமுங்க. மானஸ்தனா இருந்தா இன்னைக்கே குடுத்துருங்க." ஜெயபாண்டி அசந்துபோனார். "மனுசன்னா இவுகதான் மனுசன்" என்று, நீங்கள் சொன்னதை அப்படியே தாளின் பின்பக்கம் எழுதி, உங்கள் பெயரைக் கேட்டு அதையும் போட்டுக்கொண்டார். நிதாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

ஆகவே மச்சான், உங்கள் வார்த்தையைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். கதவு, பெயிண்ட் என்று அவர்கள் கேட்பது கார் முன்பணத்தில் பெரிய பங்கு. அதைக் கொடுத்துவிட்டுக் கார் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். நிதா ஒப்புக்கொள்ளவில்லை, "பாதி நான் தர்றேன் சார்" என்கிறாள், விடுவேனா? பொன்னாத்தாளுக்குத்தான் இது தெரியக்கூடாது. அவள் திங்கட்கிழமை கார் வரும் என்று மறுபடியும் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்திருக்கிறாள். மொபெட்டுக்கே அதை உடைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படியிருந்தாலும், குழம்பி நின்றவனுக்கு ஒரே நொடியில் வழி காட்டினீர்கள். அந்த நேர்மை எனக்கு வராது.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசியையும் சொல்லவும். உங்கள் மில்லுக்கும் தோப்புக்கும் உடம்புக்கும் காங்கேயத்துச் சாமிகள் அத்தனையும் காவல் இருக்கட்டும். பனியனில் இரண்டுக்குக் கை நீளம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத
ஆத்தப்பன்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டப் போகும்போது நிதா கூப்பிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை அவளுக்கு. நான் எழுதின அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கொடுக்கும்போது வண்டியைச் சரிபார்த்தது யார் என்று அவர்கள் தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். யாருமே பார்க்கவில்லை. உடனே கேமராவைப் போட்டுப் பார்த்தார்களாம். வியாழக்கிழமை காலை நான் போவதற்கு முன்னாலேயே அந்த ஒடுக்கு அங்கே இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் அதே வண்டியை ஓட்டிப் பார்த்த ஒருவர், கூட வந்த ஆள் போன் பேசிக்கொண்டே உள்ளே போனதும், வண்டியை ஓரமாக நிறுத்துகிறேன் என்று போர்டு கம்பத்தில் ஒரு தேய் தேய்த்திருக்கிறார். இறங்கி, தோள் துண்டால் துடைத்துப் பார்த்திருக்கிறார். போகவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். தாளில் கையெழுத்து மணிமணியாக இருக்கிறதாம்: நாச்சிமுத்து, எண்ணெய் மில், காங்கேயம். மேலே ஒரு வரியும் எழுதவில்லை.

அவளிடமிருந்து போனை வாங்கி ஜெயபாண்டி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணாச்சி, அன்னைக்குப் போன்ல தீர்ப்புச் சொன்னது இவுகதான?" ஆமாங்க என்றேன். திங்கட்கிழமை அவரும் நிதாவும் உங்கள் தீர்ப்பை எழுதி வைத்த அந்தத் தாளோடு உங்கள் மில்லுக்கு வருகிறார்கள். வெயில் அதிகம், இளநீர் வெட்டிக் கொடுங்கள். காரை நான் எடுத்துக்கொள்கிறேன், பூசணிக்காயும் வீணாகாது. தூண்தான் போய்விட்டது, நேற்றே மேஸ்திரி வந்து இடித்துவிட்டார்.

ஊட்டில் பசை தீர்ந்துபோயிற்று. உறையைப் பொன்னாத்தாளிடமே ஒட்டக் கொடுக்கிறேன்.