புள்ளி வதைப் படலம்

அணுவுக்குள்ளும் அமர்ந்திருக்கும் பெருமானே, ஒரு புள்ளியை ஒழிக்க மூன்று நாள் போர் புரிந்த மாவீரனின் சரிதையைப் பாடப் புகுகிறேன். என் நாவில் கேலி மிகுந்து இரக்கம் குறையாதபடி காத்தருள்வாயாக.

வாழ்க பாலகுமார். ஆம்பூரில் உதித்துப் பெங்களூரை அடைந்த பெருந்தகை. வேலையில் சேர்ந்த அன்று படிவம் குடும்பப்பெயரைக் கேட்க, தந்தையின் பெயரை அதில் எழுதி, அன்றுமுதல் அலுவலகம் முழுவதும் 'தங்கவேலு' என்றே விளிக்கப்படும் தனயன். விசைப்பலகை அதிரத் தட்டும் விரலோன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில், விவேக் நகரில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக அவன் ஓர் இணையச் செயலியைச் சமைத்தான். அதன் நடுவே நோயாளிகளின் பெயர்களைத் தாங்கி ஓர் அட்டவணை கொலுவீற்றிருந்தது. அதை வார்த்தவன் அவனல்லன். எவரோ வார்த்து, ஃபிரேம்வொர்க் எனும் ஆயத்த மென்பொருள் சட்டகத்தோடு இலவசமாகக் கொடுத்தது. ஆயினும் அலங்கரித்தவன் அவனே. ஒற்றை வரிகளுக்கு வெண்மையும், இரட்டை வரிகளுக்கு இளநீலமும், தலைப்புக்கு மயில்கழுத்து நிறமும் பூட்டி, மணமகளைப் போல அதை நிறுத்தியிருந்தான். அந்த மணமகளுக்கு ஒரே ஒரு பிறவிக்குணம். யார் எப்போது வந்தாலும், குடும்பப்பெயரின் ஆங்கில அகரவரிசையில்தான் பெயர்களை நிறுத்துவாள். ஊசி குத்த அழைப்பதும் அந்த வரிசைப்படியே.

அந்தோ, வரவிருக்கும் திங்கட்கிழமைக்கான பட்டியலின் முதல் வரியில், குடும்பப்பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில், எள்ளினும் சிறிய ஒரு புள்ளி. அதைக் கண்ட அறக்கட்டளையின் கௌரவச் செயலாளர் சீனிவாசராகவன் திரையில் அழுக்கென்று எண்ணிக் கைக்குட்டையால் துடைத்தார். புள்ளி போகவில்லை. தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

"திங்கட்கிழமை நம் அறக்கட்டளைக்குப் பணம் தரும் நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அதற்குள் இந்தப் புள்ளி தொலைந்தாக வேண்டும்" என்று பிரகடனம் செய்தார்.

பட்டத்து யானைமேல் ஏறும் வேந்தனெனச் சுழல்நாற்காலியில் ஏறினான் பாலகுமார். எழுத்தளவைக் குறைத்தான், பெயர்கள் சிறுத்தன, புள்ளி நிமிர்ந்து நின்றது. கட்டத்தை ஒடுக்கினான், சுப்பிரமணியங்கள் இடுப்பில் முறிந்தார்கள், புள்ளிக்கு ஒரு கீறலும் இல்லை. வெள்ளை பூசினான்; பட்டியலைத் தலைகீழாக்கியபோது நீல வரியில் அது முத்தாக மின்னியது. தகவல் கிடங்குக்குள்ளேயே புகுந்து வேரோடு பிடுங்கி எறிந்தான். வெட்ட வெட்ட முளைக்கும் அசுரன் தலைபோல, மறுநாள் காலை அதே இடத்தில் முளைத்திருந்தது.

பதிவு மேசையில் நாள்தோறும் அமரும் பிரிஜெட்டிடம், இது ஏன் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொலைபேசி அவன் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது. ஆனால் வீரர்கள் கேட்பதில்லை.

மூன்றாம் நாள், புள்ளியைக் கண்டால் வெற்றிடமெனக் கொள்க என்று அட்டவணைக்கு ஆணையிட்டான். அந்தப் பிரம்மாஸ்திரம் எழுபது வரி நீண்டது. புள்ளி மாண்டது.

திங்கட்கிழமை வெற்றிவீரனும் நிலையத்துக்கு எழுந்தருளினான். அட்டவணை மாசற்று ஒளிர்ந்தது, நன்கொடையாளர்கள் தலையசைத்தார்கள், செயலாளர் புன்னகைத்தார். மணி பத்தரை. மற்ற நோயாளிகள் எல்லோரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் போன பின்னும் பெஞ்சில் ஒருவர் மட்டும் எஞ்சியிருந்தார். மர்பி டவுன்வாசி இராஜமாணிக்கம். சர்க்கரை நோயாளி, முந்திய இரவிலிருந்து வெறும் வயிறு, ஆறரைக்கே வந்தவர். நெற்றி வியர்த்து, பெஞ்சின் விளிம்பைப் பற்றியிருந்தார்.

"இன்னாம்மா, இன்னைக்கு நான் கடைசியா?"

பிரிஜெட் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தாள். பட்டியலை விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து எழுப்பியபடியே பாலகுமாரிடம் சொன்னாள்.

"சார், இவருக்குக் குடும்பப்பேரு கிடையாது. காலியா விட்டா உங்க டேபிள் கடைசியில தள்ளிடுது. போன மாசம் இதே பெஞ்சுல மயங்கி விழுந்தாரு. புள்ளி வெச்சா முதல்ல வருவாரு. அதான் நீங்க எடுக்க எடுக்க வெச்சேன்."

"புள்ளி கெடக்கட்டும்மா, ஊசியக் குத்து" என்றார் இராஜமாணிக்கம்.

பாலகுமார் குனிந்து தன் மார்பில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். அதில் அப்பாவின் பெயர் இருந்தது. அணுவுக்குள் அமர்ந்திருக்கும் பெருமான் அந்த வாரம் அந்தச் சிறு கட்டத்துக்குள் வந்து அமர்ந்திருந்தார் போலும். நம் மாவீரன் அவரைத்தான் மூன்று நாள் வெட்டியிருக்கிறான்.

"வந்த நேரப்படி வரிசை வெச்சா சரியாயிடுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அத முன்னாடியே கேட்டிருக்கலாமே சார்."

அதற்கு ஒரே ஒரு வரிதான் மாற்றவேண்டியிருந்தது. எழுபது வரி அஸ்திரத்தைத் தன் கையாலேயே அழித்தான். நன்கொடையாளர்களும் செயலாளரும் பார்த்திருக்க, கவசம் களைந்த வேந்தனெனத் தலைகுனிந்து, அவருக்கு இட்லி வாங்க எதிர்க்கடை நோக்கி வெறுங்காலோடும் அவன் ஓடத் துணிந்திருப்பான். செருப்பு வாசலிலேயே இருந்ததால் போட்டுக்கொண்டே ஓடினான்.

கடையில் சட்னி தீர்ந்துபோயிருந்ததால், ரத்தம் கொடுத்து வந்த இராஜமாணிக்கம் நான்கு இட்லியையும் சாம்பாரில் தொட்டே சாப்பிட்டார்.