மாடு மீட்ட மாமா

பயந்தவன் தானாகச் சாவதில்லை. துணிச்சல்காரன் ஒருவன் எங்காவது கூட்டிக்கொண்டு போகும்போதுதான் அவனுக்கு அது நேர்கிறது. என் கதையில் அந்தத் துணிச்சல்காரன், என் மனைவியின் தம்பி பிரிட்டோ. பண்ருட்டியில் முந்திரிக் கடை வைத்திருக்கிறான். கடை நேரம் போக மீதி நேரத்தில் ரேஸ் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கல்லையெல்லாம் பார்த்துவிட்டு வருவான். (முந்திரியை ஓசியில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். சைக்கிளையும் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன்.)

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து, குவார்ட்டர்ஸிலேயே குடித்தனமும் நடத்துகிறவன். எங்கள் ஊர் ரோடு தோசைக்கல் மாதிரி. கோலிக்குண்டை வைத்தால் உருளலாமா வேண்டாமா என்று யோசிக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரே மலை, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு. பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே வருவது என் பிழைப்பு. முதலில் ஏறிவிட்டு அப்புறம் இறங்குவது என்பது எனக்குப் பழக்கமே இல்லாத வரிசை.

டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார் என்று, பிரிட்டோ தன் பழைய ரேஸ் சைக்கிளை எனக்குத் தள்ளிவிட்டான். காலையில் நாலு ப்ளாக்கைச் சுற்றி வருவேன். எதிரே வாக்கிங் வருகிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். ஒரு மாதத்தில் எனக்கு நானே பெரிய வீரனாகத் தெரிய ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அவன் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, சும்மா இப்படி ரவுண்டு அடிக்கிறதெல்லாம் சைக்கிளா? செக்குமாடு கூடத்தான் சுத்துது. கல்வராயன் மலைக்குப் போலாம் வாங்க. வழி பூரா பழைய ஊருங்க. கோட்டை இருக்குது, நடுகல்லு இருக்குது. மேல வெள்ளிமலையில தங்கிட்டு எறங்கிடலாம்."

"எறங்கறதுன்னா, செங்குத்தாவா?"

"ரோடுதான் மாமா. பஸ்ஸே போவுது."

சமையல்கட்டிலிருந்து மேரி எட்டிப் பார்த்தாள். காடாம்புலியூர்க்காரி. மனதில் இருப்பதற்கும் வாய்க்கும் நடுவே கதவு வைத்துப் பழக்கமில்லை.

"எந்தம்பி பேச்சக் கேட்டுகினு கெளம்பிடாதீங்க. அவன் எளந்தாரி. நீங்க ஸ்டூல் மேல ஏறி ஃபேன் தொடைக்கவே என்னப் புடிச்சிகினு நிக்கச் சொல்றவரு."

உண்மையை மச்சான் எதிரில் சொன்னால் எந்த ஆண்பிள்ளைதான் பொறுப்பான். "நான் போறேன்" என்றேன். குரல் எனக்கே யாரோ பேசியது போல இருந்தது.

"போங்க. ஆனா முழுசா வூடு வந்து சேரணும். பாதியா வந்தீங்கன்னா உள்ள வுட மாட்டேன்" என்றாள் மேரி.

மூன்று நாள் லீவு போட்டேன். விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி. அது வரைக்கும் தரை தரையாகத்தான் இருந்தது. பயத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் பிரிட்டோதான். தியாகதுருகம் கோட்டைக் குன்றின் அடியில் நின்று, இந்தப் பாறைக்காக வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் எப்படி மாறி மாறிச் செத்தார்கள் என்று விளக்கினான். பிறகு வழியில் கண்ட ஒரு கல்லையும் விடவில்லை. ஒரு ஏரிக்கரையில் பாதி புதைந்து நின்ற கல்லில் வில்லும் கையுமாக ஒருவன், மேலே அவனைச் சொர்க்கத்துக்குத் தூக்கிப் போகும் இரண்டு தேவதைகள்.

"இவரு மாடு மீட்டுச் செத்தவரு மாமா. எதிரி ஊரான் மாட்டையெல்லாம் ஓட்டிகினு பூட்டான். இவரு தனியாளா போயி மாட்ட மீட்டுட்டு, அம்பு பட்டு வுழுந்துட்டாரு."

அடுத்த ஊரில் இன்னொரு கல். "இவரு புலிகிட்ட."

அதற்கடுத்த ஊரில் வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசி, பூ வைத்து ஒன்று. "இவரு காட்டுப்பன்னிகிட்ட."

"ஏன் மச்சான், இந்தப் பக்கம் யாருமே வயசாகி, கட்டில்ல படுத்துச் சாகலையா?"

"அவங்களுக்கெல்லாம் கல்லு நட மாட்டாங்க மாமா."

அவன் ஆறுதலுக்குச் சொன்னானா, ஆசை காட்டினானா தெரியவில்லை. அன்று கள்ளக்குறிச்சி லாட்ஜில் கண்ணை மூடினால் என் கல்தான் தெரிந்தது. தலையில் ஹெல்மெட், இடுப்பில் தொப்பை, காலடியில் எட்டாக வளைந்த ஒரு சக்கரம். மேலே இரண்டு தேவதைகள் என்னைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பின்னால் வரும் பிள்ளைகளிடம் ஒரு பிரிட்டோ விளக்குகிறான்: "இவரு சர்க்கரை குறையப் போயி செத்தவரு."

மறுநாள் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்கு. அவன் ஏறினான், நான் தள்ளினேன். ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்று, தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன். நாங்கள் வந்த ரோடு அரைஞாண் கயிறு மாதிரி கிடந்தது. சைக்கிளோடு பாறைப் பக்கமாக ஒட்டிக்கொண்டேன். சுரங்கப் பள்ளத்தை எத்தனையோ முறை எட்டிப் பார்த்தவன்தான் நான். ஆனால் அது எங்கள் பள்ளம். தெரிந்தவன் கடிக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

மேலே போன பிறகு சின்னச் சின்ன இறக்கங்கள் வந்தன. நான் இரண்டு பிரேக்கையும் ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அவை கீச்சென்று கத்தின. தினைக் கொல்லையில் வேலையாயிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆட்டுக்குட்டி எதனா பின்னாடி வருதோன்னு பாத்தேன் மாமா, நீங்கதானா" என்றான் பிரிட்டோ.

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பிரிவு. மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டைத் தாங்குகிற ரோலர்களில் எது கத்துகிறது என்று காதை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் வித்தை. எங்கள் பிரிவில் ஒரே வேதம்தான்: கத்துகிற இடத்தில் எண்ணெய் விடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கை அதைத்தான் செய்திருக்கிறது. ரயிலில் ஜன்னல் கத்தினால்கூட எனக்குக் கை அரிக்கும்.

ஆகவே மறுநாள் காலை வெள்ளிமலையில், பிரிட்டோ டீக்கடைக்குப் போன சமயம், அவன் பையிலிருந்த செயின் எண்ணெயை எடுத்தேன். முன் சக்கரத்து பிரேக் கட்டைகளுக்குத் தாராளமாக விட்டேன். பின் சக்கரத்துக்கும். ரிம் இரண்டையும் சுற்றிலும் தடவி, துணியால் மெருகேற்றினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். பூனை நடந்தது போலச் சத்தமே இல்லை. சக்கரம் நின்றதா என்று பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் பிரிவில் அது வேறு ஆளுடைய வேலை. (பிரேக்குக்கு உராய்வுதான் உயிர் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மூளைக்குத் தெரியும். கையிடம் யாரும் சொல்லவில்லை.)

"இன்னிக்கு ஆடு வராது, பாரு" என்று பிரிட்டோவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மலை உச்சியில் கொஞ்ச தூரம் சமதரை. பிறகு ஒரு பலகை, வளைந்த அம்புக்குறி, அதற்குக் கீழே ரோடே இல்லை, ஆகாயம்தான் இருந்தது. பிரிட்டோ முன்னால் போய்விட்டான். நான் பிரேக்கைப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தேன். வண்டி அதைத் தட்டிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டது போல வேகம் கூட்டியது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்தது. எண்ணெய் விட்ட கை, மெருகேற்றிய துணி எல்லாம் கண்முன் வந்தன. புரிந்து என்ன செய்ய. சுரங்கத்தில் பெல்ட் ஓரமாக ஒரு கயிறு போகும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் எட்டி இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். என் இடது கை ஹேண்டிலை விட்டுவிட்டு அந்தக் கயிற்றைக் காற்றில் தேடியது. மலைக்கு அப்படி ஒரு கயிறு கட்டி வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

முதல் வளைவில் காலைத் தரையில் ஊன்றினேன். ஷூவின் அடி தேய்ந்து ரப்பர் வாசனை வந்தது. எப்படித் திரும்பினேன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது வளைவுக்கு முன் பிரிட்டோவைத் தாண்டினேன். தாண்டும்போது "மாதாவே" என்றேன். அவன் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டான்.

"சூப்பர் மாமா, அப்படித்தான்" என்ற அவன் குரல் பின்னால் எங்கோ போனது.

பயத்தில் கண்ணீர் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது காதை நோக்கி ஓடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வலது பக்கம் பள்ளம், மர உச்சிகள் என் காலுக்குக் கீழே. இடது பக்கம் பாறை. நடுவில் மேரியின் குரல்: பாதியா வந்தீங்கன்னா உள்ள வுட மாட்டேன். நான் பாதியாகக்கூட மிஞ்சுவேனா என்ற சந்தேகம் அப்போது வந்துவிட்டது. கல்லில் என்ன எழுதுவார்கள் என்ற கவலையும் கூடவே வந்தது.

மூன்றாவது வளைவைப் பாறையோரமாகத் தோளைத் தேய்த்துத் திரும்பினேன். அங்கே ரோடே தெரியவில்லை. மாடுகள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மேய்ச்சலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு மந்தை. நடுவே கையில் குச்சியுடன் ஒரு பெண். "ஓரம் போங்க" என்று கத்த நினைத்தேன். வாயில் காற்றுதான் வந்தது. ஒரு பெரிய சிவலை மாட்டின் விலாவில் போய் அப்பினேன். மெத்தையில் விழுந்தது போல இருந்தது. மாடு ஒரு எட்டு நகர்ந்தது. நான் பாறையோரக் காட்டுச் செடியில், சாணத்தில் பாதியும் முள்ளில் பாதியுமாகக் கிடந்தேன். என் சைக்கிள் மட்டும் தனியாகப் பள்ளம் வரைக்கும் போய், ஓரக் கல்லில் முட்டி நின்றது.

அந்தப் பெண் முதலில் மாட்டைத்தான் தடவிப் பார்த்தாள். "லச்சுமிக்கு ஒன்னும் ஆவல" என்று மற்ற மாடுகளுக்கு அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, பிரேக்கு இல்லாத வண்டிய எவனாச்சும் மலைக்கு எடுத்துகினு வருவானா?"

"பிரேக்கு இருந்துச்சும்மா. நான்தான் எண்ணெய் போட்டேன்."

"எதுக்கு?"

"பிரேக்குக்கு."

அவள் மாட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். "அந்த எண்ணெயத் தலையில தேச்சிகினு இருந்தா சூடாச்சும் அடங்கியிருக்கும்."

பிரிட்டோ வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்து முகம் வெளுத்தான். என் கை கால்களை அசைத்துப் பார்த்தான். பிறகு சைக்கிளைத் தூக்கி, ரிம்மில் விரல் வைத்து, முகர்ந்து பார்த்தான்.

"மாமா, இது..."

"கத்துச்சு மச்சான்."

அவன் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன், கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு மினி வேனில், இரண்டு சைக்கிளுக்கும் நடுவே உட்கார்ந்து வீடு வந்தேன். மேரி வாசலில் நின்று தலை முதல் கால் வரை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் வேறு இலாகா.

"முக்காலுக்கு மேல இருக்குது. உள்ள வாங்க" என்றாள்.

என் மகள் அந்த மாவுக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு நடுகல் வரைந்தாள். தொப்பைக்காரன் கீழே கிடக்கிறான். மேலே தேவதைகள் இருக்க வேண்டிய இடத்தில் மாடு நிற்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம் நர்ஸுகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பின்கதவு மூன்று மழைக்காலமாகக் கீச்சிடுகிறது. எண்ணெய் டப்பா எனக்கு எட்டாத பரணில் இருக்கிறது. (ஸ்டூலில் ஏறித்தான் எடுக்க வேண்டும். மேரிக்கும் மகளுக்கும் அது தெரியும்.) நான் வீரமாக ஏதாவது பேச வாயெடுத்தால், "கல்லுக்குச் சொல்லிடலாமா" என்பாள் மகள். மாதா கோயில் திருவிழாவில் சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் பிரிட்டோ ஆரம்பிப்பான்: "அந்தக் காலத்துல மாட்ட மீட்டுச் செத்தவனுக்குக் கல்லு நட்டாங்க. எங்க மாமாவ மாடு மீட்டுச்சு. கல்லு நட்டா மாட்டுக்குத்தான் நடணும்." எல்லோரும் சிரித்து முடித்துவிட்டு, மாடு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். என் மணிக்கட்டைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் மாடு கிடையாது. ஆனாலும் மாட்டுப் பொங்கலன்று மேரி பொங்கல் வைக்கிறாள். என் தட்டில் முதல் கரண்டியைப் போட்டுவிட்டு, "லச்சுமிய நெனச்சிகினு சாப்புடுங்க" என்பாள்.

நினைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.