பலகைக்குப் பின்னால் ஒரு ஜின்

குறிஞ்சிப்பிட்டியில் அன்று தோணிகள் கரையிலேயே கிடந்தன. கடலுக்குப் போக வேண்டியவர்களும் வெங்காயம் பிடுங்க வேண்டியவர்களும் ஜெய்னம்பு வீட்டுப் பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்றார்கள். உள்ளே ஒரு ஜின் குடியிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் சுவருக்குள்ளிருந்து தட்டிப் பதில் சொல்லும் படித்த ஜின். ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை.

ஜின்னுக்கு மொழிபெயர்ப்பாளர், முந்தலிலிருந்து வந்த உசனார் பாவா. கூலி வாங்க மாட்டார். நேர்ச்சை என்று சொன்னால் கோழியும் வாங்குவார், ஆடும் வாங்குவார். அதே பாத்ரூம் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஊதிக் கொடுத்தார். ஊர் பயபக்தியோடு குடித்தது.

ஏழு மாதத்துக்கு முன், மகன் கல்யாணத்துக்கு வரும் சம்பந்தக்காரர் கண்ணில் படக்கூடாது என்று, பாத்ரூம் சுவரில் ஓடிய தண்ணீர்க் குழாய்களைப் பலகை அடித்து மறைத்தார் ஜெய்னம்பு. அதன்பிறகுதான் சுவர் தட்டத் தொடங்கியது. மருமகள் சிபானா வந்ததும் அதன்பிறகுதான். பலகையைச் சந்தேகிக்க ஊரில் ஒருவரும் இல்லை. மருமகளைச் சந்தேகிக்க ஊரே இருந்தது.

"இது இந்தப் புள்ளையோட வந்த சாமான்," என்றார் பாவா. "அஸர் தொழுகைக்குப் பொறகு ஏழு பிரம்படி. வயித்துப் புள்ளைக்கு ஒண்டும் ஆகாது."

ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிபானா அறைக்குள் ஓடினாள். கட்டாரிலிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். "உம்மா சொல்றதக் கேளு," என்றான் அவன். அவனுக்கென்ன, பிரம்பு அவ்வளவு தூரம் எட்டாது.

பயத்தைவிடக் கோபம் பெரிதான பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. ஜன்னலுக்கு வெளியே, தோட்டப் பைப்படியில், பாவாவின் மச்சான் ரஸாக் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டிருந்தார். காலையிலிருந்து பதினொரு தரம்! ஒரு மனிதனுக்கு இத்தனை தரமா வுளூ முறியும்? அந்தப் பைப்பில்தான் அவள் தினமும் உடுப்புத் துவைக்கிறாள். சட்டென்று பூட்டும்போதெல்லாம் உள்ளே சுவர் தட்டியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சத்தம் போடாமல் பின்னால் போய், தண்ணீர்த் தாங்கியின் வால்வைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள்.

"ஜின்னே, அடி விழுந்தாப் போவியா?" பாவா கர்ஜித்தார்.

சுவர் பேசவில்லை. பாவா இருமினார். இன்னும் பலமாகக் கேட்டார். ஜின்னுக்குக் காது அடைத்துவிட்டது.

தோட்டத்திலிருந்து ரஸாக் கத்தினார்: "மச்சான், பைப்பில தண்ணி வருதில்ல!"

யாரும் சிரிக்கவில்லை; யாருக்கும் விளங்கவில்லை, அவ்வளவுதான். சிபானா வால்வைத் திறந்தாள். எல்லோரும் பார்க்கத் தோட்டப் பைப்பைத் திறந்து பூட்டினாள். டொக்! இன்னொரு தரம். டொக்!

"மாமி, இந்த ஜின்னுக்கு எண்ட கையும் ஒண்டுதான், ரஸாக் நானாட கையும் ஒண்டுதான். பலகையக் கழட்டுங்க."

கழற்றினார்கள். சுவரோடு பிடிக்க ஒரு கிளிப்கூட இல்லாமல் குழாய் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பைப்பைப் பூட்டும்போதெல்லாம் அது துள்ளிப் பலகையில் இடித்திருக்கிறது.

"மறைக்கத்தானே போறம், கிளிப் என்னத்துக்கு எண்டு குழாய் பூட்டின பாஸுக்கு நான்தான் சொன்னன்," என்று ஜெய்னம்பு தலை குனிந்தார்.

அதற்குள் பாவாவும் மச்சானும் ஆட்டோவில் ஏறியிருந்தார்கள். போத்தலும் கையுமாக நின்ற ஒருத்தி கேட்டாள்: "அப்ப இந்தத் தண்ணி?"

"பாத்ரூம் தண்ணி, ராத்தா."

இரண்டு கிளிப்பும் நான்கு ஆணியும் போதும் இந்த ஜின்னுக்கு. ஊரிலே சுத்தியல் இல்லாத வீடு இல்லை. ஆனாலும் ஒரு பலகையைக் கழற்றிப் பார்ப்பதைவிட, ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அடிப்பது எல்லோருக்கும் இலேசாகத் தெரிந்தது. ஜின்னை நம்புவது உங்கள் பாடு, ஐயாமாரே. பிரம்பை எடுக்குமுன் சுவரைத் திறந்து பாருங்கள்.